‘இல்லை’ என்று சொன்ன செயலி

“ராத்தா, அசன்பே சரித்திரம் இருக்கா?”

தரம் 8 மாணவி ஒருத்தி இடைவேளையில் நூலக மேசைக்கு வந்து கேட்டாள். அறிஞர் சித்திலெப்பை பற்றி வகுப்பில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்களாம். நான் எழுந்துபோய் இறாக்கையைப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த நூலகச் செயலியைக் கையடக்கத் தொலைபேசியில் திறந்து ‘அசன்பே’ என்று தட்டினேன். ‘முடிவுகள் இல்லை’ என்றது.

“இல்ல தங்கச்சி.”

“சரி ராத்தா” என்று போய்விட்டாள்.

நான்கு நாட்களின் பின், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த நூல் இரண்டாம் இறாக்கையில் என் கண்ணெதிரே நின்றது. 1885இல் வெளிவந்தது, இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை எழுதியது. எங்கள் கல்லூரி நூலகத்தில் அது இல்லை என்று ஒரு பிள்ளையை அனுப்பியவள் நான். அவளது ஒப்படையோ அதற்குள் கொடுத்து முடிந்துவிட்டது.

நூலகத்தில் முன்பு மரத்தாலான அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. நூலின் பெயருக்கு ஓர் அட்டை, ஆசிரியரின் பெயருக்கு ஓர் அட்டை. “இனி இது தேவையில்லை டீச்சர், எல்லாம் போனில் வரும்” என்று அதைக் களஞ்சிய அறைக்கு அனுப்பச் சொன்னவர்களும் நாங்கள்தான். இப்போது விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரியவந்தது. செயலி ‘இல்லை’ என்று சொன்ன சில நூல்களைப் புதிய நூல்கள் என்று நினைத்து நூலக மாணவத் தலைவியர் மறுபடியும் பதிந்திருக்கிறார்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பதிவு இலக்கங்கள். வருட இறுதிப் பொருட்கணக்கெடுப்பில் பழைய இலக்கத்துக்குரிய புத்தகம் எங்கே என்று கேட்டால், இறாக்கையில் இருந்து எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. பதில் சொல்லவேண்டியவர் நூலகப் பொறுப்பாசிரியை. கணக்கெடுப்புக்கு ஐந்து வாரம் இருந்தது.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எங்கள் டீச்சர் அடிக்கடி சொல்வது ஒன்று: “வழுவத் திருத்த முதல், அத நீங்க விரும்பின நேரம் உண்டாக்கிக் காட்டுங்க.” அதாவது எந்தச் சொல்லைத் தட்டினால் தேடல் தவறுகிறது, எதைத் தட்டினால் தவறுவதில்லை என்று முதலில் நிச்சயமாகத் தெரியவேண்டும். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினோம். இறாக்கையிலிருந்து நூல்களை எடுத்து எடுத்து ஒவ்வொரு பெயராகத் தட்டினோம். கிடைத்தவை இடப்பக்கம், கிடைக்காதவை வலப்பக்கம்.

முதலாவது வழு பத்து நிமிடத்தில் அகப்பட்டது. தொலைபேசியின் தட்டச்சுப் பலகை, நாம் பாதிச் சொல்லைத் தட்டும்போதே முழுச் சொல்லையும் பரிந்துரைக்கும். அதைத் தொட்டால் சொல்லோடு சேர்த்து இறுதியில் ஓர் இடைவெளியையும் போட்டுவிடும். கண்ணுக்கு அது தெரியாது. செயலியோ ‘வரலாறு’ என்பதைத் தேடாமல் ‘வரலாறு’ என்பதையும் அதன் பின்னால் ஓர் இடைவெளியையும் தேடியது. அந்தச் சொல்லோடு முடிகிற தலைப்புகள் எல்லாம் விடுபட்டன. முன்பின் இடைவெளிகளை வெட்டிவிட ஒரே ஒரு வரி போதும். இவ்வளவுதான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.

‘அசன்பே’ வரவில்லை.

வலப்பக்க நிரலை மீண்டும் பார்த்தோம். நோன்பு, தொழுகை, மொழி, கோள்கள், பௌதிகவியல், மௌலவி. இவை எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ இருப்பதைக் கண்டவள் எங்களில் ஒருத்தி. அவள் கணிதப் பிரிவு. கோலங்களைத் தேடுவது அவளுக்குப் பழக்கம். ஆனால் அதிலும் ஒரு முரண் இருந்தது. ‘நோன்பு’ என்று தேடினால் இவ்வருடம் நாங்கள் பதிந்த நூல் வருகிறது, பழைய நூல் வருவதில்லை. இரண்டு தலைப்பையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். புள்ளி, கொம்பு, கால் எதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கண்ணால் பார்த்துப் பயனில்லை என்பதால் இரண்டையும் பைதனுக்குக் கொடுத்து, சரத்தின் நீளத்தைக் கேட்டோம். புதிய ‘நோன்பு’ 6. பழைய ‘நோன்பு’ 7.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கவேண்டும். நாம் 247 எழுத்து என்று படிக்கிறோம். கணினிக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டுந்தான் தெரியும். யூனிகோட் என்னும் உலகப் பொது ஒழுங்கில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா இடமும் நிரப்பப்பட்டுமில்லை. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்காமல், அகரமேறிய மெய்க்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று வைத்திருக்கிறார்கள். ‘கி’ என்பது கணினிக்குள் க என்ற 2965உம் அதன் பின்னால் இகரக் குறியும். ‘கெ’ எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போட்டாலும், கணினி க-வை முதலிலும் கொம்பைப் பின்னாலும்தான் சேமிக்கிறது. உச்சரிப்பில் உயிர் பின்னால்தானே வருகிறது!

ஓகாரத்தில்தான் சிக்கல். ‘நோ’ என்பதில் மெய்க்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். இதை இரண்டு வழியில் சேமிக்கலாம். ஓகாரக் குறி முழுவதற்கும் 3019 என்ற ஒரே எண்ணைப் போடலாம். அல்லது இரட்டைக் கொம்புக்கு 3015, காலுக்கு 3006 என்று இரண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் ஒழுங்கும் சொல்கிறது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய எஸ்கியூலைட் தரவுத்தளம் அப்படிச் சொல்வதில்லை. அது எண்ணுக்கு எண் ஒப்பிடும். 3019ஐத் தேடினால், 3015உம் 3006உம் இருக்கிற வரியை எட்டியும் பார்க்காது. ஆறு, ஏழு என்று நீளம் வேறுபட்டதன் காரணம் இதுதான்.

சரி, அந்தப் பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? எங்கள் நூற்பட்டியலின் பெரும்பகுதி சில வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. இந்நாட்டில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்யாண அழைப்பிதழ் முதல் தவணைப் பரீட்சை வினாத்தாள் வரை எத்தனையோ அதில்தான் அடிக்கப்பட்டன. பாமினியில் கணினிக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் போர்வை விலகி ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நிற்கும். பழைய தட்டச்சுப் பொறியைப் போலவே அதில் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய், பிறகு கால் அடிப்பார்கள். எங்களிடம் தரமுதல் பட்டியலை யாரோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியிருந்தார்கள். அந்த மாற்றி கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தியது, கொம்பையும் காலையும் ஒன்றாக்க மறந்துவிட்டது.

இதற்கு மருந்து தயாராகவே உண்டு. பிரிந்தவற்றைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சார்பு பைதனிலும் இருக்கிறது, செயலியை எழுதிய ஜாவாவிலும் இருக்கிறது. தரவுத்தளத்தை ஒரு தடவை அதனூடாக அனுப்பினோம். தேடுபவர் தட்டும் சொல்லையும் ஒவ்வொரு தடவையும் அதனூடாக அனுப்பினோம். இரண்டு பக்கமும் செய்யவேண்டும் என்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் செய்தால் இன்றைக்குக் கிடைத்தது நாளைக்குக் கிடைக்காமல் போகலாம்.

நோன்பு வந்தது. தொழுகை வந்தது. பௌதிகவியல் வரவில்லை! ‘அசன்பே’யும் வரவில்லை.

உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் அதிகம் தேடுவது பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பைத்தான். மறுபடியும் நீளத்தைக் கேட்டோம். நாங்கள் தட்டியது 10, பட்டியலில் இருப்பது 11. பட்டியலில் இருந்த சொல்லை ஒவ்வோர் எண்ணாக உடைத்துப் பார்த்தோம். 2986, அது ப. 3014, கொம்பு. 2995... அது ள! ஔகாரக் குறியின் வலப்பக்க உருவம் ள-வைப் போலவே இருப்பதால் பழைய தட்டச்சில் இரண்டுக்கும் ஒரே விசை. ஆகவே பட்டியலில் இருந்தது ‘பௌதிகவியல்’ அல்ல. பகர எகரத்தோடு உண்மையான ளகரம் சேர்ந்த ‘பெளதிகவியல்’. யூனிகோட் ஒழுங்கு இதை ஒன்று என்று சொல்லாது, சொல்லவும் கூடாது. ள ஒரு தனி எழுத்து அல்லவா?

இங்கே நான் செய்த மடத்தனத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ‘ெள’ வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியைப் போடு என்று ஒரு வரி எழுதி, பிரதி எடுத்துவைக்காமலே ஓடவிட்டேன். பௌதிகவியல் வந்தது. கூடவே நூலகத்தில் இருந்த எல்லாத் ‘தெளிவுரை’களும் உடைந்தன. வெளியீட்டாளர் புலத்தில் இருந்த ஒவ்வொரு ‘வெளியீடு’ம் ‘வௌியீடு’ ஆகி, நடுவில் ஒரு புள்ளிவட்டத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்ல வேளை, டீச்சரின் மின்னஞ்சலில் முதல் நாள் கோப்பு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு பிரதி எடுக்காமல் நான் எதையும் தொட்டதில்லை.

இரண்டாம் முறை யோசித்துச் செய்தோம். தெளிவு, வெளியீடு, வெள்ளி ஆகியவற்றில் ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறது. அப்படியானால் அது உண்மையான ள. மெளலவி, கெளரவம், பெளதிகவியல் ஆகியவற்றில் ள-வுக்குப் பின்னால் குறி எதுவும் இல்லாமல் அடுத்த மெய்யெழுத்து நேரே வருகிறது. அப்படியானால் அது வேடம் போட்ட ஔகாரம். ஔகாரக் குறிக்கு மேல் இன்னோர் உயிர்க்குறி ஏறமுடியாது என்ற சின்ன இலக்கண உண்மைதான் இந்த விதி. ‘ஒளவையார்’ என்று ஒ-வும் ள-வுமாக அடிக்கப்பட்டிருந்த ஔவையாரையும் இதே விதி மீட்டுத் தந்தது, ‘ஒளி’யைத் தொடவில்லை. எங்கள் பட்டியலில் இது ஓரிடத்திலும் பிழைக்கவில்லை. தரம் 6இல் உயிர், மெய், உயிர்மெய் என்று பாடமாக்கியபோது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தவள் நான்.

‘ஸ்ரீ’யும் இப்படி ஒன்று. அதை ஸகரத்தாலும் எழுதலாம், ‘ஶ’ என்ற எழுத்தாலும் எழுதலாம். ‘ஶ’ யூனிகோடுக்குள் வந்தது 2005இல்தான். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டு ஸ்ரீயும் ஒரே உருவம். ஒன்றை மற்றதாக்க ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

மூன்று வழுவை நீக்கியும் ‘அசன்பே’ வராதபோது எனக்கு அழுகை வந்தது. எண்களை உடைத்துப் பார்க்கும் பழக்கத்தில், கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தோம். பதிவு இலக்கத்தைக் கொடுத்து நூலை நேரே திறந்தேன். பட்டியலில் இருந்தது ‘அஸன்பேயுடைய கதை’. சகரம் இல்லை, ஸகரம். அவ்வளவுதான். யூனிகோடும் பாமினியும் இதில் குற்றவாளிகள் அல்ல. அந்த நாவலைச் சரித்திரம் என்றும் கதை என்றும் சொல்கிறார்கள், ச-விலும் எழுதுகிறார்கள், ஸ-விலும் எழுதுகிறார்கள். இரண்டு பேர் எழுதினால் இரண்டு மாதிரி வருவது நம்முடைய எழுத்தில் சாதாரணம்.

பிறகு பார்த்தால் எங்கும் இதே கதை. ரமழான், ரமலான், றமழான். குர்ஆன், அல்குர்ஆன், அல்-குர்ஆன். இரசாயனவியல், ரசாயனவியல். நூல்களாவது பரவாயில்லை, இரவல் பெற்ற மாணவிகளின் பெயர்ப்பட்டியலுக்கு வாருங்கள். ஒரே வகுப்பில் ரிஸ்வானாவும் றிஸ்வானாவும் இருக்கிறார்கள். பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா, பாத்திமாஹ் எல்லாரும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படி. இவற்றில் எதையும் பிழை என்று திருத்த எங்களுக்கு உரிமையில்லை. ஒருத்தியின் பெயர் அவளுடையது.

ஆகவே தரவைத் திருத்தாமல், அதன் பக்கத்தில் யாருக்கும் காட்டாத ஒரு புலத்தைச் சேர்த்தோம். அதில் அதே பெயரின் எளிமையாக்கிய வடிவம் இருக்கும். ஸ, ஷ இரண்டையும் ச ஆக்கு. ற-வை ர ஆக்கு. ழ, ள இரண்டையும் ல ஆக்கு. ண, ந இரண்டையும் ன ஆக்கு. ஆய்தத்தையும் சிறுகோட்டையும் இடைவெளியையும் எடுத்துவிடு. ஒரே மெய் இரட்டித்தால் ஒன்றாக்கு. சொல்லின் தொடக்கத்தில் ர, ல இரண்டுக்கும் முன்னால் இகரம் இருந்தால் நீக்கு. தேடுபவர் தட்டுவதும் இதே வாய்க்காலால் வரும். அங்கே ரிஸ்வானாவும் றிஸ்வானாவும் சந்திப்பார்கள்; ‘சித்தி லெப்பை’யும் ‘சித்திலெப்பை’யும் ஒன்றாவார்கள்.

இதைத் தமிழ் டீச்சரிடம் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ல, ள, ழ மூண்டையும் ஒண்டாக்கினா நான் இந்தப் பதினெட்டு வருஷம் படிப்பிச்சது எதுக்கு?” மறைவான புலத்தில் மட்டுந்தான், திரையில் எப்போதும் மூல வடிவமே தெரியும் என்று விளக்கினோம். “பள்ளிவாசல்னு தேடினா என்ன வருது, பாப்பம்” என்றார். பள்ளிவாசல் ஒழுங்காகத்தான் வந்தது. வெறும் ‘பள்ளி’ என்று தட்டச் சொன்னார். முதலாவதாக வந்தது உயிரியல் பகுதியிலிருந்து பல்லிகளைப் பற்றிய ஒரு சிறுவர் நூல்.

அவர் சொன்னது நியாயம். அறமும் அரமும் ஒன்றல்ல, மணமும் மனமும் ஒன்றல்ல. அதனால் தேடலை இரண்டு படியாக்கினோம். தட்டிய சொல் அப்படியே இருக்கும் நூல்கள் முதலில், ஒரு கோட்டுக்கு மேலே. எளிமையாக்கியதால் கிடைத்தவை கோட்டுக்குக் கீழே, ‘இவையும் இருக்கலாம்’ என்ற தலைப்போடு. இப்போது பள்ளி மேலே நிற்கும், பல்லி கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். என் கருத்தில், நூலகத் தேடலில் வேண்டாத ஒன்று கூடுதலாகத் தெரிவதால் பெரிய நட்டமில்லை. வேண்டிய ஒன்று தெரியாமல் போவதுதான் நட்டம். இதை எங்களுக்குள் ஒரு நாள் முழுக்க விவாதித்தோம். மற்ற இருவரில் ஒருத்தி இன்னும் உடன்படவில்லை. பட்டியல் நீண்டால் யாரும் கீழே பார்ப்பதில்லை என்கிறாள்.

இன்னும் ஒன்று மாற்றினோம். ‘முடிவுகள் இல்லை’ என்ற வாசகத்தை அழித்துவிட்டு, ‘இந்த எழுத்தில் கிடைக்கவில்லை. இறாக்கையிலும் பாருங்கள்’ என்று போட்டோம். இதற்கு எந்தத் தொழினுட்பமும் தேவைப்படவில்லை, ஆனால் எனக்கு மிகவும் தேவைப்பட்டது இதுதான்.

கணக்கெடுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இரட்டைப் பதிவுகளைத் தேடி எடுத்தோம். மறைவான புலத்தில் ஒரே வடிவம் கொண்டவற்றைச் சோடி சோடியாகப் பட்டியலிட, 26 நூல்கள் வந்தன. அவற்றில் நான்கு உண்மையாகவே இரண்டு பிரதிகள். மிச்சம் 22ஐயும் பொறுப்பாசிரியை பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, புதிய இலக்கங்களைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டுக் கையொப்பம் வைத்தார். களஞ்சிய அறையிலிருந்த அட்டைப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் எதிர்க்கவில்லை, தூக்கியும் கொடுத்தோம்.

அந்தத் தரம் 8 பிள்ளையைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. நூலகத்துக்குக் கூட்டி வந்தேன். புத்தகத்தை நேரே எடுத்துக் கொடுக்காமல், தொலைபேசியை அவள் கையில் கொடுத்து, “இப்ப நீங்களே தேடிப் பாருங்க” என்றேன். பெருமைதான், வேறென்ன.

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ‘ஹசன்பே’.

‘இந்த எழுத்தில் கிடைக்கவில்லை. இறாக்கையிலும் பாருங்கள்’ என்றது செயலி.

“ஹசன் எண்டுதானே ராத்தா பேரு? எங்கட நானாட பேரும் அதுதான்” என்றாள்.

அசனும் ஹசனும் ஒரே பெயர் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. அதற்கு விதி எழுதுவதும் இலேசல்ல. ஹகரத்தைச் சும்மா நீக்கினால் ‘ஹசன்’ வெறும் ‘சன்’ ஆகிவிடும். சொல்லின் தொடக்கத்தில் ‘ஹ’ வந்தால் அகரம், ‘ஹா’ வந்தால் ஆகாரம், ‘ஹி’ வந்தால் இகரம் என்று குறியை உயிரெழுத்தாக மாற்றவேண்டும். அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தபோது அவள் இரண்டாம் இறாக்கைக்குப் போய்ப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.